கார் பேட்டரி முதல் தாத்தாவின் ஸ்கூட்டர் வரை: ஈய-அமில பேட்டரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரமும் டிசம்பர் பள்ளி விடுமுறை முடிந்து எல்லாரும் ஊரிலிருந்து திரும்பும் வாரமும் என் கைபேசி ஓயாது. "அண்ணே, சாவியத் திருப்புனா டக் டக்னு சத்தம் மட்டும்தான் வருது" என்பதுதான் பாதி அழைப்பு. ஒரே பதிலை நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்கப்படுபவற்றை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஈய-அமில பேட்டரி என்றால் எது? என் வீட்டில் இருக்கிறதா?

காரிலும் மோட்டார் சைக்கிளிலும் லாரியிலும் இருக்கும் கனமான கறுப்புப் பெட்டி அதுதான். கணினிக்கு யூபிஎஸ் வைத்திருந்தால் அதற்குள் செங்கல்லைவிடச் சிறியதாக ஒன்று இருக்கும். முதியோர் ஓட்டும் நடமாட்ட ஸ்கூட்டர்கள் பலவற்றில் இரண்டு இருக்கும். கைபேசியிலும் மின்சைக்கிளிலும் இருப்பது லித்தியம். அது வேறு சாதி, அதன் விதிகளும் வேறு.

உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். ஒரு தகடு ஈயம், மறு தகடு ஈய டை ஆக்சைடு, நடுவே தண்ணீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க அமிலத்திலுள்ள கந்தகம் இரண்டு தகடுகளிலும் போய் ஒட்டி ஈய சல்பேட் ஆகிறது, அமிலம் தண்ணீராக நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்தால் இதெல்லாம் திரும்பி நடக்கும். கஸ்தோன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் கண்டுபிடித்தது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். புதிதாகப் படிந்த சல்பேட் பொடிச் சர்க்கரை மாதிரி, சார்ஜ் கொடுத்ததும் கரைந்துவிடும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே பேட்டரியை வாரக்கணக்கில் போட்டு வைத்தால் அது கற்கண்டாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. பட்டறைக்கு வரும் செத்த பேட்டரிகளில் பெரும்பாலானவை உழைத்துச் சாகவில்லை, அரைப்பசியில் கிடந்துதான் செத்திருக்கின்றன.

சிங்கப்பூரில் ஒரு கார் பேட்டரி எத்தனை ஆண்டு வரும்?

இரண்டு முதல் மூன்று. நான்கு வந்தால் உங்களுக்கு யோகம்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில்தான் பேட்டரி படுத்துக்கொள்ளும் என்பதால் குளிர்தான் எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். ஆயுளைத் தின்பது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் கைக்கணக்கு. நமக்கு வெளியிலேயே பகலில் 32 டிகிரி. தீவு விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் ஊரும்போது பானெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு தொல்லை: இங்கே குளிர்ந்த காலைகள் கிடையாது. வலுவிழந்த பேட்டரியும் கடைசி நாள்வரை சமாளித்து எஞ்சினைக் கிளப்பிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று போய்விட்டது என்று தோன்றுவது அதனால்தான்.

வார இறுதியில் மட்டும்தான் காரை எடுக்கிறேன். குறைவாகப் பயன்படுத்தினால் நீடித்து உழைக்க வேண்டாமா?

இல்லை, தலைகீழ். நிறுத்தி வைத்த காரும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அலாரம், சாவியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பூட்டு, கணினிப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 0.05 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). சிறிய காரில் இருப்பது 45 ஆம்பியர்-அவர் பேட்டரி. ஒரு மாதம் நிறுத்தினால் 36 போய்விடும்.

டாஷ்கேம் வைத்திருப்பவர்கள் கதை இன்னும் மோசம். வண்டி நின்றிருக்கும்போதும் படம்பிடிக்கும்படி அமைத்திருந்தால் 0.3 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். மூன்றே நாளில் 21 ஆம்பியர்-அவருக்கு மேல், அதாவது பேட்டரியில் ஏறக்குறைய பாதி. கேமராவில் குறைவோல்ட் கட்ஆஃப், அதாவது வோல்ட் இறங்கினால் தானாக அணையும் வசதி இருந்தால் 12.2 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். இல்லை என்றால் பார்க்கிங்கில் படம்பிடிப்பதை அணைத்து வையுங்கள். கோடு விழுந்த பம்பரைவிட இந்தச் செலவுதான் அடிக்கடி வருகிறது.

பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதாதா?

போதாது. எஞ்சினைக் கிளப்பும்போது செலவானதை மீட்கவே அந்த நேரம் சரியாகிவிடும். அதிலும் ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தவிர, நிறுத்திய வண்டியில் காரணமின்றி எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம், அபராதம் உண்டு. அதே பெட்ரோலுக்கு சாங்கி கடற்கரைவரை அரைமணி, முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். பேட்டரிக்கும் நல்லது, உங்களுக்கும் நாசி லெமாக் சாப்பாடு.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். என்ன செய்ய?

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பெரும்பாலான ஜப்பானிய கார்களுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று போதும். கழற்றிய கேபிள் தானாகத் திரும்பிப் போய்த் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். திரும்பி வந்து மாட்டியதும் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், ஜன்னல் கண்ணாடியை ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். பின்புற டிக்கியில் பேட்டரி இருக்கும் ஐரோப்பிய கார்களில் மட்டும் கையேட்டைப் பார்க்காமல் கழற்ற வேண்டாம். பேட்டரி இல்லாமல் டிக்கியே திறக்காத வண்டிகள் உண்டு.

பேட்டரியின் நிலையை நானே பார்க்க முடியுமா?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் அளந்தால்தான் உண்மை தெரியும். ஓட்டி முடித்த கையோடு அளந்தால் எல்லாப் பேட்டரியும் ராஜா மாதிரிதான் காட்டும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வயிறு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.9-க்குக் கீழே என்றால் காலி, அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும்.

அடுத்து எஞ்சினைக் கிளப்பும் நொடியில் யாரையாவது மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் காலம் முடிகிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, ஓடும்போது அதற்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரில். இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரியை வாங்கிப் போட்டு, மூன்றாம் நாள் மறுபடியும் நடுரோட்டில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே சார்ஜை ஏற்றி இறக்கும் என்பதால் அவற்றில் இந்த எண் அங்குமிங்கும் ஆடும்; அது கோளாறு அல்ல.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது. ஆபத்தா?

அமில ஆவி கசிந்து உலோகத்தைத் தின்றதன் அடையாளம். போன மாதம் ஒரு வண்டியில் பாசிட்டிவ் முனை முழுவதும் நீலப்பச்சைப் பொடி, தொட்டால் உதிர்ந்தது. அடியில் கேபிளின் செம்பு நரம்புகள் பாதி காணாமல் போயிருந்தன. பேட்டரி நன்றாகவே இருந்தது. மின்சாரம்தான் அந்தப் பொடியைத் தாண்டி வர முடியாமல் தவித்தது.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி, அப்புறம் பாசிட்டிவ். ஒரு கரண்டி ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து முனைகளின் மேல் சிறிது சிறிதாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். அறை மூடிகள் உள்ள பேட்டரி என்றால் கரைசல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, காய்ந்ததும் பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மீண்டும் பூக்க நாளாகும்.

தண்ணீர் ஊற்ற வேண்டுமா? குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

மேலே ஆறு மூடிகள் இருந்தால் ஊற்ற வேண்டும். மூடியே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது பராமரிப்பு தேவைப்படாத வகை; திறக்க முயலாதீர்கள்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கக்கூடியது, மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள தாது உப்பும் குளோரினும் தகட்டுக்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தகடுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நின்றால் சரி. முழுதாகச் சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முதலில் அது மூழ்கும் அளவு ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். அமிலம் ஊற்றவே கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், அமிலம் அங்கேயேதான் இருக்கிறது.

ஜம்ப் கேபிளை எந்த வரிசையில் மாட்டுவது?

சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை செத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியில். அதைப் பேட்டரி மீதே மாட்டாதீர்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்கலாம். அது வெடித்தால் தெறிப்பது பிளாஸ்டிக்கும் அமிலமும். கழற்றுவது அப்படியே பின்னிருந்து.

புதுப் பேட்டரியில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன?

ஜப்பானிய கார்களில் 46பி24எல் என்பதுபோல எழுதியிருக்கும். 46 என்பது திறன் வரிசை, கூடினால் நல்லது. பி என்பது அகல உயரக் கட்டு. 24 என்பது நீளம், சென்டிமீட்டரில். எல் அல்லது ஆர், பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதற்கு. இது மாறினால் கேபிள் எட்டாது. கடைசியில் எஸ் இருந்தால் தடித்த முனை. பிராண்டைப் பற்றி யோசிப்பதைவிடத் தயாரித்த தேதியைக் கேளுங்கள். கடை அலமாரியில் ஓராண்டு தூங்கிய நல்ல பிராண்டைவிடப் போன மாதம் வந்த சுமாரான பிராண்டையே நான் வாங்குவேன்.

எஞ்சின் தானாக நின்று கிளம்பும் கார் என்னுடையது. சாதாரண பேட்டரி போடலாமா?

வேண்டாம். அடிக்கடி கிளப்புவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி பேட்டரி என்று எது வந்ததோ அதே வகைதான். சாதாரணமானதைப் போட்டால் போக்குவரத்து விளக்குக்கு விளக்கு எஞ்சினைக் கிளப்பியே ஓய்ந்துவிடும். ஹைபிரிட் கார்களிலும், மின்கார்கள் பலவற்றிலும்கூட ஓரத்தில் ஒரு சிறிய 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி உண்டு. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இந்தச் சிறியது காலி என்றால் வண்டி உயிர்க்காது.

தாத்தாவின் நடமாட்ட ஸ்கூட்டரில் பேட்டரி எட்டே மாதத்தில் போய்விட்டது. போலியா?

எங்கள் புளோக்கில் ஒரு தாத்தாவுக்கும் இதே கதை. சந்தைக்கும் காப்பிக் கடைக்கும்தான் போய்வருவார். "மின்சாரத்த எதுக்கு வீணாக்கணும் தம்பி" என்று சிவப்பு விளக்கு எரிந்தால்தான் சார்ஜ் போடுவார். இருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டு சிறிய பெட்டிகள், ஒன்றன் வயிறு பூரி மாதிரி உப்பியிருந்தது. மீட்டர் வைத்தால் ஒன்று 12.5, உப்பியது 10.4. ஆறு அறைகளில் ஒன்று அடியோடு போய்விட்டது என்று பொருள்.

கைபேசி வருவதற்கு முன்பிருந்த சில பேட்டரிகளுக்கு, முழுதாகக் காலியானபின் சார்ஜ் போட வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. ஈய-அமிலத்துக்கு அது விஷம். சிறிது தூரம் போய்வந்தாலும் அன்றிரவே சார்ஜில் போடுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது ஒன்று இருந்தால் அது புதியதையும் கூட இழுத்துக்கொண்டு போகும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள்.

சார்ஜ் செய்யும்போது அழுகிய முட்டை வாடை வருகிறது.

உடனே சுவிட்சில் அணையுங்கள், ஜன்னல்களைத் திறவுங்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிறது, பேட்டரி சூடாகி வாயுவைக் கக்குகிறது. ஆறும்வரை தொட வேண்டாம். அந்தப் பேட்டரியை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

அமிலம் மேலே பட்டுவிட்டால்?

தோலில் பட்டால் நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் குழாயடியில் கண்ணைத் திறந்தபடி குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்கு. தரையில் சிந்தினால் ஆப்பசோடாவைத் தூவி நுரை அடங்கியபின் துடையுங்கள். உடையைப் பற்றி ஒன்று: அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் ஜீன்ஸ் தொடையில் சல்லடை மாதிரி ஓட்டைகள் தெரியும். என்னிடம் அப்படி மூன்று இருக்கின்றன.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடலாமா?

கூடாது. நம் வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போகிறது, சாம்பல் செமக்காவ் தீவில் நிரப்பப்படுகிறது. ஈயம் எரிந்து காணாமல் போகிற பொருள் அல்ல, சாம்பலோடு சேர்ந்து அங்கே போய் உட்காரும். அமிலத்தைக் கால்வாயில் ஊற்றுவது அதைவிட மோசம். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் பிடிக்கும் பகுதி. புளோக்குக்குக் கீழே ஓடும் கால்வாய் நீர்த்தேக்கத்தில் போய் முடியலாம்.

கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியின் துளை, வீட்டில் பயன்படுத்தும் சிறிய பேட்டரிகளுக்கானது. கார் பேட்டரியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதும் குப்பை போடுவதுதான். எளிய வழி, புதியதை மாட்டுபவரிடமே பழையதைக் கொடுத்துவிடுவது. கார் நிறுத்துமிடத்துக்கே வந்து மாட்டித் தருபவர்கள் வழக்கமாகவே எடுத்துக்கொள்வார்கள். யூபிஎஸ், ஸ்கூட்டர் பேட்டரிகளையும் பேட்டரிக் கடையில் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்வரை நிமிர்த்தி வைத்து, முனைகளில் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கெட்டாமல் வையுங்கள்.

கராங்குனிக்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) காசு தருகிறாரே, அவரிடம் கொடுக்கலாமா?

காசு தருகிறார் என்பதே அதில் மதிப்பு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அவர் முழுசாக எடுத்துக்கொண்டு போனால் எனக்குக் குறை இல்லை. அமிலத்தைக் கொட்டிவிட்டுக் கனம் குறைத்துத் தூக்கிச் செல்பவராக இருந்தால் கொடுக்காதீர்கள். நிறுவனமாக இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக்கழிவுச் சேகரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

நல்ல விலை கிடைக்கிறது என்று பழைய பேட்டரிகளை மூட்டையாகக் கட்டி எல்லை தாண்டி எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு: அபாயக் கழிவுகளின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 1996-இல் சேர்ந்தது, அதற்கான சட்டம் 1997-இல் வந்தது. அனுமதியில்லாமல் முடியாது.

மறுசுழற்சி ஆலையில் என்ன செய்கிறார்கள்?

முழுப் பேட்டரியையும் சுத்தியல் எந்திரத்தில் போட்டு நொறுக்குகிறார்கள். நொறுங்கியதைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் பிளாஸ்டிக் மிதக்கும், ஈயம் மூழ்கும். பிளாஸ்டிக்கைக் கழுவி உருக்கினால் அடுத்த பேட்டரிக்குப் பெட்டி. ஈயச் சேற்றிலிருந்து கந்தகத்தைப் பிரித்து, உலையில் உருக்கி, சுத்திகரித்துக் கட்டிகளாக வார்க்கிறார்கள். அமிலத்தை நடுநிலையாக்குகிறார்கள், சில ஆலைகள் அதிலிருந்து சலவைத்தூளுக்கும் கண்ணாடிக்கும் பயன்படும் சோடியம் சல்பேட் எடுக்கின்றன. எத்தனை முறை உருக்கினாலும் ஈயம் ஈயம்தான். உங்கள் காரில் இன்று இருக்கும் ஈயம் யாருடைய லாரியிலோ இருந்திருக்கலாம்.

தூண்டில் குண்டு வார்க்க நானே உடைத்து ஈயம் எடுக்கலாமா?

பிடோக் ஜெட்டியில் மீன் பிடிக்கும் நண்பர் கேட்டது இது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகும், சமையல் அடுப்பே போதும்; அதுதான் ஆபத்து. தகட்டில் இருப்பது வெறும் ஈயமும் அல்ல, ஈய சல்பேட்டும் ஆக்சைடும் கலந்த பொடி. அது மூச்சில் போகும், சட்டையில் ஒட்டும், வீட்டுக்கு வரும். செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோய் சுர் மேரில் பழைய பேட்டரி உடைத்த மண்ணைச் சலித்து ஈயம் எடுத்து வந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். இரத்தத்தில் இந்த அளவுவரை ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குண்டைக் கடையில் வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

துவாஸ் கிடங்கில் போர்க்லிஃப்ட் (சுமைதூக்கும் வண்டி) ஓட்டுகிறேன். மதிய உணவு நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் போடலாமா?

மேலாளர் அவசரப்படுத்தினாலும் வேண்டாம். இந்தப் பேட்டரிக்குப் பழைய கணக்கு எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி சார்ஜ், எட்டு மணி ஆறுவது. அரைமணி அரைமணியாகக் கொடுத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும், முழுச் சார்ஜ் என்றைக்கும் எட்டாது. ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே சார்ஜுக்குக் கொண்டுபோங்கள். சார்ஜ் செய்யும்போது பேட்டரி மூடி திறந்திருக்க வேண்டும், காற்றாடி ஓட வேண்டும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்பேனர் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் அது பழுத்துப்போவதற்கு ஒரு நொடி போதும்.

ஊரில் அம்மா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை யார் பார்ப்பது?

அம்மாவேதான். வாரம் ஒருமுறை காணொளி அழைப்பில் பேசும்போது கைபேசியைப் பேட்டரிப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மூடிமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மிதவைக் குச்சிகள் சிவப்புக் கோடுவரை இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் நேரம். சென்ற முறை நான் பார்த்தபோது ஆறு குச்சிகளில் நான்கு உள்ளே போயிருந்தன, பேட்டரிமேல் கோலமாவு டப்பா, அதன்மேல் காய்ந்த துணி. "காத்தோட்டமா இருக்கணும்மா" என்றேன். டப்பாவை எடுத்துவிட்டார், துணிக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.